பழுதான வட்டில் எஃப்எஸ்சிகே வேண்டாம்

கேள்வி: என் மடிக்கணினியில் உள்ள உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), துவங்கும்போதே இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நின்று, வட்டின் கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்கச் சொல்கிறது. இயக்கினால் சரியாகிறது, சில நாட்களில் மீண்டும் அதே கதை. என்ன செய்யலாம்?

பதில்: ஒருமுறை மட்டும் நிகழ்ந்திருந்தால், திடீர் மின்தடையின் விளைவு என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப வருவதால் ஹார்டு டிஸ்க்கையே சந்தேகிக்க வேண்டியுள்ளது. எஃப்எஸ்சிகே, வட்டு நலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அதன்மீதே திருத்தி எழுதும் கருவி என்பதால், படிக்க முடியாத செக்டார்கள் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகள்) கொண்ட வட்டில் அதை ஓட்டினால் மீட்கக்கூடிய கோப்புகளும் தொலைந்துபோகலாம்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். மேலே 'பாஸ்டு' (தேர்ச்சி) என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள்) வரியின் கடைசி எண் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால், வட்டு படிக்கத் திணறுகிறது என்று பொருள்.

அப்படியானால், அதே அளவோ அதற்கு மேலோ கொள்ளளவுள்ள வேறொரு வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு முழுவதையும் நகலெடுங்கள். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல வட்டின் பெயரையும் நகல் வட்டின் பெயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும், இருமுறை சரிபாருங்கள். எஃப்எஸ்சிகேயை இனி நகலில் மட்டுமே இயக்குங்கள். சூப்பர்பிளாக் (கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) கெட்டுவிட்டது என்று அது மறுத்தால், 4 கேபி பிளாக் கொண்ட ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு வகை) பகிர்வில் வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும் மாற்றுப் பிரதியைச் சுட்டலாம்.

வட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டால், இவை எதையும் முயலாமல் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள்.