உப்பு மாவு ஏன் வெடிக்கிறது? சங்கிலி ஏன் விழுகிறது? சிறு குழந்தையோடு பருவகால அலங்காரம்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பருவம் மாறும்போதெல்லாம் அவளோடு சேர்ந்து கையால் ஏதாவது செய்து வீட்டை அலங்கரிக்க ஆசை. மைதாவும் உப்பும் தண்ணீர் விட்டுப் பிசைந்த உப்பு மாவில் செய்த நட்சத்திரங்கள் ஓவனில் உப்பி வெடித்துவிட்டன. சுவரில் ஒட்டிய காகிதச் சங்கிலி மறுநாள் காலை தரையில் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நிமிடத்தில் அவள் எழுந்து போய்விடுகிறாள். மிச்சத்தை நான்தான் உட்கார்ந்து முடிக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்ற இரண்டும் ஓரளவு அதோடு சேர்ந்தவை. நான்கு வயதில் ஒரு வேலையில் பத்து, பதினைந்து நிமிடம் ஊன்றி உட்காருவதே நல்ல கவனம். இந்த வகைக் கைவேலைகளிலோ அளப்பது, காய்வது, பசை இறுகுவது என்று காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் அவள் கைக்கு வேலை கிடையாது, எழுந்து போகிறாள். எனவே அளப்பது, கோடு போடுவது, துண்டு போடுவது, காயவைப்பது ஆகியவற்றை உங்கள் பங்காக வைத்துக்கொண்டு, முந்தின இரவே முடித்துவிடுங்கள். அமுக்குவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது, அடுக்குவது, மாட்டுவது அவள் பங்கு. ஒரே நாளில் எல்லாம் முடியவேண்டும் என்றும் நினைக்காதீர்கள். இன்று மாவு, மூன்று நாள் கழித்து வண்ணம், அதற்கடுத்த நாள் மாட்டுவது. மூன்றும் அவளுக்குத் தனித்தனி விளையாட்டாகவே இருக்கும். அவள் பாதியில் விட்ட துண்டை நீங்கள் 'சரிசெய்து' முடிக்க வேண்டாம். பாதி பூசிய நட்சத்திரத்தையும் அப்படியே மாட்டலாம். நீங்கள் திருத்தியதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். அடுத்த முறை 'நீயே செய்' என்று உங்களிடமே நீட்டிவிடுவாள்.

இனி உப்பு மாவு. அளவு எளிது: ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, அரை கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். 5 மி.மீ. கனத்தில் தேய்த்தால் 6 செ.மீ. அகல வடிவங்கள் 15 முதல் 20 வரை கிடைக்கும். கல் உப்பு கரையாமல் நின்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். தூள் உப்பே வேண்டும். பேக்கிங் பவுடர் முன்பே கலந்து விற்கும் மாவை எடுத்துவிடாதீர்கள், அது உப்பத்தான் செய்யும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கால் கப் ஊற்றிப் பிசைந்து, பிறகு ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்கவும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்க வேண்டும், விரலில் மாவு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அந்தப் பதம் வந்தபின்னும் ஐந்து நிமிடமாவது பிசைய வேண்டும். இதை அவளிடமே விடுங்கள், நன்றாகச் செய்வாள். கையில் கீறல், காயம் இருந்தால் மட்டும் அன்றைக்கு வேண்டாம். உப்பு பட்டால் எரியும்.

உங்கள் நட்சத்திரங்கள் உப்பியதற்கும் வெடித்ததற்கும் காரணம் வேறு வேறு. சூடு அதிகமானால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைத் தூக்கும், அதுதான் உப்பல். மைக்ரோவேவில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். வெடிப்பு என்பது சுருக்கத்தால் வருவது. ஓரமும் மேற்பரப்பும் காய்ந்து சுருங்க, நடு இன்னும் ஈரமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கனம் குறைவு, சூடு குறைவு, நேரம் அதிகம். மாவுக்கு இருபுறமும் 5 மி.மீ. கனமுள்ள இரண்டு குச்சிகளையோ அட்டைகளையோ வைத்து, அவற்றின் மேலேயே பூரிக்கட்டையை உருட்டச் சொல்லுங்கள். குழந்தை எவ்வளவு அமுக்கினாலும் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும். வடிவத்தை வெட்டிய உடனே, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி ஸ்ட்ராவால் துளை போடவும். ஓரத்தை ஒட்டித் துளைத்தால் மாட்டும்போது பிய்ந்துவிடும். காய்ந்த பிறகு துளைத்தால் உடைந்துவிடும்.

பட்டர் பேப்பரில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைக்கவும். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பவும், இல்லாவிட்டால் ஓரம் மேல்நோக்கி வளையும். ஓவனை அணைத்தபின் உள்ளேயே ஆறவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் நிறம் கருத்தும் லேசாகக் குளிர்ந்தும் இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் போகட்டும். ஓவன் இல்லாதவர்கள் கம்பிவலைத் தட்டில் காற்றோட்டமாக வைத்து, நாளுக்கு இருமுறை திருப்பினால் மூன்று நாளில் காயும். விடாத மழை நாட்களில் இந்த வழியை நம்ப வேண்டாம்.

வண்ணத்தில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகளின் போஸ்டர் கலரில் தண்ணீர் அதிகம். கெட்டியாக அப்பினால் மேற்பரப்பு மறுபடி ஊறிப் பிசுபிசுக்கும். தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாகப் பூசி, உலர்ந்தபின் இன்னொரு முறை பூசலாம். இவ்வளவு பொறுமை அவளிடம் எதிர்பார்க்க முடியாது என்று தோன்றினால், பிசையும் தண்ணீரிலேயே உணவுக்குச் சேர்க்கும் நிறத்தைக் கலந்துவிடுங்கள். பூசும் வேலையே மிச்சம்.

முழுக்கக் காய்ந்து, வண்ணமும் உலர்ந்த பிறகு இரண்டு பக்கமும், ஓரங்களிலும், துளையின் உள்ளேயும் வார்னிஷ் அடிக்க வேண்டும். இது உங்கள் வேலை, சன்னல் திறந்திருக்கட்டும். இதை விட்டால் அடுத்த ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுத்து, துண்டு வியர்த்து மெத்தென்று ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் வழியாக அதே கதை நடக்கும்.

ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இருப்பவர்களுக்குச் சமையல் சோடா மாவையே பரிந்துரைப்போம். ஒரு கப் சமையல் சோடா, அரை கப் கார்ன்ஃப்ளார், 150 மி.லி. தண்ணீர் மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் திரண்டு, பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் வரும். உடனே இறக்கிவிடுங்கள், ஒரு நிமிடம் கூடினாலும் பொலபொலவென்று உதிரும், காயும்போது வெடிக்கும். ஈரத்துணியால் மூடி நன்றாக ஆறவைத்த பிறகே அவள் கையில் கொடுக்க வேண்டும். பளிச்சென்ற வெள்ளையில், வழவழப்பாக வரும். ஓவன் வேண்டாம், ஓரிரு நாளில் காற்றிலேயே காய்ந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவிலும் சோடியம் மிக அதிகம். நாக்கில் பட்ட துளியால் ஒன்றும் ஆகாது, வாய் நிறையத் தின்றால் ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் தேவை: மாவுருண்டையோ காய்ந்த துண்டோ நாய் தின்றுவிட்டால் அது உப்பு நச்சாகி உயிருக்கே கேடாகலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பச்சை மாவைச் சாப்பிடுவதும் நல்லதல்ல, அதில் கிருமிகள் இருக்கலாம். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

சங்கிலிக்கு வருவோம். ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் 3 செ.மீ. இடைவெளி குறித்து, குறுக்கே வெட்டினால் 21 செ.மீ. நீளமுள்ள ஒன்பது பட்டைகள் வரும். முனைகள் 1.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் ஒவ்வொரு வளையமும் ஏறத்தாழ 6 செ.மீ. அகலம். இரண்டு தாளுக்கு ஒரு மீட்டர் சங்கிலி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை இதற்கு ஒத்துவராது: தாள் ஊறி நெளியும், பிடிப்பதற்குள் முனை வழுக்கும். குளூ ஸ்டிக் தடவி, பத்து வரை எண்ணும் மட்டும் அவள் விரலால் அமுக்கிப் பிடிக்கட்டும். இரண்டு நிறம் மாறி மாறி வைப்பதை நான்கு வயதுக் குழந்தை தானாகவே செய்யும், மூன்று நிறம் என்றால் நடுவில் குழம்பலாம்.

ஆனால் உங்கள் சங்கிலி விழுந்தது பசையால் இருக்காது. சுவரில் ஒட்டிய சிறு டேப் துண்டுகள் மொத்த எடையையும் தாங்க வேண்டியிருந்திருக்கும், சுவரில் தூசியும் இருந்திருக்கும். வளையங்களுக்குள் ஒரு கெட்டி நூலை நெடுக விட்டு, நூலின் இரு முனைகளையும் திரைச்சீலைக் கம்பியிலோ ஏற்கெனவே இருக்கும் ஆணியிலோ கட்டுங்கள். எடை நூலுக்குப் போய்விடும், டேப் வேண்டியிருக்காது. கட்டாயம் ஒட்டத்தான் வேண்டும் என்றால், சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, மாஸ்கிங் டேப் பயன்படுத்துங்கள். செலோ டேப் கழற்றும்போது சுண்ணாம்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

பட்டைகளை அவளே வெட்ட விரும்பினால் தடுக்காதீர்கள். முனை மழுங்கிய, அதேசமயம் உண்மையிலேயே வெட்டும் கத்தரிக்கோல் வேண்டும். தாளை மடக்கி விழுங்கும் பிளாஸ்டிக் கத்தரிக்கோல்தான் பல குழந்தைகளை இந்த வேலையிலிருந்து விரட்டுகிறது. பழகும் கைக்கு மெல்லிய தாளைவிடச் சற்றுக் கெட்டியான தாள் சுலபம், ஏனென்றால் அது துவளாது. தடித்த பேனாவால் நேர்கோடு போட்டுக்கொடுங்கள். கட்டைவிரல் மேலே இருக்கட்டும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடக்கைக் குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வேண்டும்: வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தாளை மடக்கும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறைந்துவிடும். 'கை சரியில்லை' என்று நினைக்கும் பல குழந்தைகளுக்குச் சரியில்லாதது கருவிதான்.

பருவத்துக்குப் பருவம் புதிதாக எல்லாம் தொடங்குவதைவிட, நிலையான ஒன்றை வைத்துக்கொண்டு அதில் தொங்குவதை மட்டும் மாற்றுவது நல்லது. 60 முதல் 80 செ.மீ. உயரமுள்ள, நன்கு கிளைத்த காய்ந்த கொம்பு ஒன்று போதும். கனமான ஜாடியில் பெரிய கற்களை இட்டு நிறுத்துங்கள், அவள் இழுத்தாலும் சாயக் கூடாது. வைக்கும் இடம் அவள் கண்மட்டம். தொங்கவிடும் நூல் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நீள வளையங்கள் கழுத்தில் மாட்டும்.

இலை உதிரும் காலத்துக்கு உண்மையான இலைகள். பறித்த அன்றே, மேலே ஈரமில்லாமல் துடைத்து, பழைய நாளிதழ்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். முதல் இரண்டு நாளும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இலை விட்ட ஈரம் அங்கேயே நின்று பழுப்பும் பூஞ்சையும் பிடிக்கும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தயார். சதைப்பற்றான இலைகள் இதற்கு உதவாது.

மழைக்காலத்துக்குக் காகிதத் துளி. 2 செ.மீ. அகலத்தில் ஐந்து நீலப் பட்டைகள்: 13 செ.மீ.யில் ஒன்று, 17 செ.மீ.யில் இரண்டு, 21 செ.மீ.யில் இரண்டு. சிறியதை நடுவில் வைத்து, அதன் இருபுறமும் நடுத்தரம், வெளியே பெரியவை என்று அடுக்குவது அவள் வேலை. ஒரு முனையில் ஐந்தையும் சமமாக வைத்து நீங்கள் ஸ்டேப்ளர் அடியுங்கள். பிறகு மறுமுனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் நீளமானவை வெளியே வளைந்து துளி வடிவம் தானாக வரும். அந்த நொடியில் அவள் முகத்தைப் பாருங்கள். இந்தப் பட்டியலில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பூக்கும் காலத்துக்கு டிஷ்யூ காகிதம் ஆறு அடுக்கை விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் கட்டிக்கொடுத்தால், அடுக்கடுக்காகப் பிரித்துப் பூவாக்குவாள். பனிக்கும் குளிருக்கும், தாளை இரண்டே மடிப்பு மடித்து வெட்டும் நட்சத்திரம். அதற்குமேல் மடித்தால் அவள் கத்தரிக்கோல் உள்ளே போகாது. மடிப்பு ஓரத்தை முழுவதும் வெட்டிவிட்டால் நட்சத்திரம் துண்டு துண்டாகும், அதை மட்டும் முன்பே காட்டிக்கொடுங்கள். வெயில் காலத்துக்குச் சன்னல்: புத்தக அட்டைக்கு ஒட்டும் ஒளிபுகும் பசைத்தாளைப் பசைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி கண்ணாடியில் ஓரங்களில் டேப் போட்டு நிறுத்தி, வண்ண டிஷ்யூத் துண்டுகளைக் கொடுத்துவிடுங்கள். காயவைக்க எதுவுமில்லை. பத்து நிமிடக் கவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

விளக்கு சேர்ப்பதானால் காகிதத்துக்கு அருகே மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். எல்இடி விளக்கில் பட்டன் பேட்டரி இருந்தால், மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் மணி, பொத்தான் போன்றவற்றை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

கழற்றும்போது டேப்பை நேராகப் பிய்க்காமல், பின்னோக்கி மடித்துச் சுவரை ஒட்டியே மெதுவாக இழுக்கவும். வெயில் பட்டு இறுகிப்போயிருந்தால் ஹேர் டிரையரால் சில நொடி சூடுகாட்டினால் விட்டுக்கொடுக்கும். உப்பு மாவுத் துண்டுகளைத் தனித்தனியே தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இலைகளோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம்.