தினமும் யார் ஏறுவது?

கேள்வி: தினமும் வெறும் வயிற்றில் இளநீர் குடித்தால் பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (வாசகர், தக்கலை)

பதில்: ஓடுவது இருக்கட்டும். 'தினமும்' என்கிறீர்களே, தினமும் மரத்தில் யார் ஏறுவது? ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். அதன் மூட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் சுளுக்கும், கருக்கு (அதுதான், நம்ம ஊர் இளநீர்க்காய்) கைக்கு வராது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதே பெரிய காரியம். அவரிடம் போய், 'அண்ணாச்சி, காலையில் பல் தேய்த்ததும் ஒரு கருக்கு' என்று கேட்டுப் பாருங்கள், வெட்டுகத்தியோடு இறங்கி வருவார். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மர நண்பர்கள்' என்று இளைஞர்களுக்கு மரமேறும் பயிற்சியே தொடங்கியது. நம்ம ஊர்ப் பையன்களுக்கு வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதுதான் சுலபமாக இருக்கிறது.

அப்புறம் அந்த ஸ்ட்ரா. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. கருக்கின் தலையைச் சீவியதும் கடைக்காரர் நீட்டுவது என்னவோ அதைத்தான். நான் அப்படியே வாயில் கவிழ்த்துச் சட்டையை நனைத்துக்கொள்கிற கட்சி. இதை எழுதும்போதெல்லாம், 'ஆசிரியருக்குச் சோப்பு வாங்கி அனுப்பட்டுமா?' என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கார்டு போடுவார். இந்த முறையும் போடட்டும்.

சரி, உடம்புக்கு வருவோம். 100 மில்லி இளநீரில் சுமார் 200 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சோடியம் அதைவிட நன்றாகக் குறைவு. வெயிலில் வியர்த்து வந்தவருக்கு அருமையான பானம். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசல்தான் சரி. பிரஷருக்குப் பொட்டாசியம் நல்லதுதான், அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போட முடியாது. சர்க்கரையை விரட்டும் என்பது வேடிக்கை. இளநீரிலேயே சர்க்கரை இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கோ இது ஆபத்து. பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம்.

விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான கிழவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் புகட்டி மேலுலகுக்கு வழியனுப்பிவிடுவார்கள். அதுவும் இதே இளநீர்தான்.

ஆமாம், அந்த வாட்ஸ்அப்பை உங்களுக்கு அனுப்பியது யார்? சொத்தை அவர் பேருக்கு எழுதியாச்சா?