முன்பின் தெரியாத பெருநகரில் தனியாக: புறப்படும் முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

மொழி தெரியாத ஒரு பெருநகரத்துக்கு முதல் முறையாகத் தனியாகச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார்: எந்தப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும், பணத்தையும் பாஸ்போர்ட்டையும் எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், ஏதாவது நடந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும். விமானம் இரவு பத்து மணியளவில் தரையிறங்கும் என்றும், பயணச்சீட்டு, வரைபடம், பணம் எல்லாமே கைபேசியில்தான் இருக்கின்றன என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். அவருடைய கேள்விகளைக் காட்டிலும் இந்த இரண்டு தகவல்களே எனக்கு அதிகக் கவலை தருவதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நீண்ட பயணத்தால் களைத்து, பெட்டியைப் பிடித்தபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலில் நிற்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பயணி மிக எளிதாக ஏமாற்றப்படுகிறார். அப்போது எடுக்க வேண்டிய முடிவுகள் அனைத்தையும் வீட்டில் நிதானமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எதில் செல்வது, அந்த ரயில் அல்லது பேருந்தின் கடைசிச் சேவை எத்தனை மணிக்கு, டாக்சி என்றால் சுமார் எவ்வளவு ஆகும், அனுமதி பெற்ற டாக்சிகள் எந்த வாசலில் வரிசையில் நிற்கின்றன என்பனவற்றை விமான நிலையத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வருகைக் கூடத்துக்குள் தாமாக நெருங்கி வந்து "டாக்சி வேண்டுமா" என்று கேட்பவரோடு எந்த நகரத்திலும் போகாதீர்கள். லண்டனில், தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறும் உரிமை கறுப்பு டாக்சிகளுக்கு மட்டுமே உண்டு; மினிகேப் எனப்படும் வாடகைக் கார்களை முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம். செயலி வழியாக வண்டியை அழைத்தால், வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "யாரை அழைத்துப் போக வந்திருக்கிறீர்கள்?" என்று ஓட்டுநரிடம் நீங்கள் கேளுங்கள்; உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் யாரும் ஆமாம் என்று தலையாட்டிவிடலாம். விமானம் தாமதமாகி நள்ளிரவு தாண்டிவிடும் என்று தோன்றினால், முதல் இரவை மட்டும் விமான நிலையத்துக்கு அருகிலேயே கழித்துவிட்டுக் காலையில் நகரத்துக்குள் செல்வது, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், நல்ல முடிவு என்றே சொல்வேன்.

அடுத்தது கைபேசி. ஒரே பொருளில் வழி, பணம், அடையாளம், உறவினரின் எண் ஆகிய அனைத்தையும் வைத்திருப்பவர், அது பறிபோன நொடியில் இவை அத்தனையையும் சேர்த்து இழக்கிறார். ஆகவே விடுதியின் பெயரையும் முகவரியையும் அந்த நாட்டின் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, அதோடு இரண்டு உறவினர்களின் எண்கள், வங்கி அட்டையை முடக்குவதற்கான எண், உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண் ஆகியவற்றையும் சேர்த்து உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக வரும் சமிக்ஞை என்பதால், இணையம் இல்லாத இடத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அந்த வரைபடம் காட்டும்.

பலரும் கவனிக்காத ஓர் அமைப்பும் உண்டு. கைபேசியைப் பூட்டி வைத்திருந்தாலும், திருடியவர் அதிலுள்ள சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் போட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி எண்கள் அவருக்குப் போய்ச் சேரும். கைபேசியின் அமைப்புகளில் சிம் அட்டைக்கென்றே உள்ள பின் எண்ணை இயக்கிவிட்டால், அந்த எண் தெரியாமல் சிம்மைப் பயன்படுத்த முடியாது. மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க உங்கள் சேவை நிறுவனம் தரும் பியுகே எண் வேண்டும். எனவே இதைப் புறப்படும் நாளன்று அவசரமாகச் செய்யாமல், ஒரு வாரம் முன்னதாகச் செய்து பாருங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடியும் மாற்றிவிடுங்கள். *#06# என்று அழுத்தினால் தோன்றும், உங்கள் கருவியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் குறித்து வைத்தால், பின்னர் புகார் எழுதும்போது உதவும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு நாள் செலவுக்கான தொகையும் ஓர் அட்டையும் மட்டும் வெளியே வரட்டும். இரண்டாவது அட்டையும் மீதிப் பணமும் விடுதி அறையின் பெட்டகத்தில் இருக்கலாம். பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் சுற்றுலாப் பயணிகள் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், வேறு சில நாடுகளில் நகல் போதும். ஏடிஎம் எந்திரத்தைத் தெருவோரத்தில் தேடாமல், வங்கிக் கிளையின் உள்ளே இருப்பதைப் பகலில் பயன்படுத்துங்கள். பின் எண்ணை அழுத்தும் கையை மறு கையால் மறைத்துக்கொண்டால், அங்கே ஒளித்து வைத்த கேமரா ஏதும் இருந்தாலும் அதற்கு எண் தெரியாது.

எந்தப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் ஒரு பட்டியல் தரப்போவதில்லை. ஒரே தெரு காலையில் ஒரு விதமாகவும் நள்ளிரவில் வேறு விதமாகவும் இருக்கிறது. மேலும் திருட்டு அதிகமாக நடப்பது, நாம் மிகவும் பாதுகாப்பானது என்று நம்பும் சுற்றுலா மையங்களில்தான். பாரிசின் லூவர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒரு நாள் மூடப்பட்டது. ஜேப்படித் திருடர்களின் தொல்லையைப் பொறுக்க முடியாமல் ஊழியர்களே வேலையைப் புறக்கணித்தார்கள். 2015 மே மாதம் இதே காரணத்துக்காக ஈபிள் கோபுரமும் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. அதனால் விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் "இந்தப் பகுதி பாதுகாப்பானதா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து இங்கே நீங்கள் நடந்து வருவீர்களா, எந்தத் தெரு வழியாக?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்களுக்குத் தேவையானது இருக்கும்.

கூட்டமான ரயிலில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதும், கதவருகே நின்று கைபேசியைப் பார்க்காமல் இருப்பதும் பழக்கமாகட்டும்; கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவது பல நகரங்களில் காணும் உத்தி. நடைபாதையின் விளிம்பில் நின்று வழி பார்ப்பதும் அப்படித்தான், ஏனெனில் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு கடைக்குள்ளே போய் நின்று பாருங்கள்.

ஏமாற்று வேலைகள் நகரத்துக்கு நகரம் வேறு வேடம் போடுகின்றன. பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறிடம் காட்டுகிறேன்" என்பார்கள், பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலம் பேசிப் பழக விரும்புவதாகச் சொல்லித் தேநீர் அருந்த அழைத்துப்போய்ப் பெருந்தொகைக்கு ரசீது நீட்டுவார்கள், பாரிசில் தரையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து "உங்களுடையதா?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேச்சைத் தொடங்கியவர் யார், அவர் உங்களை வேறிடத்துக்கு அழைக்கிறாரா அல்லது கையிலிருப்பதை வெளியே எடுக்க வைக்கிறாரா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். தெரியாத ஊரில் மனிதர்களின் உதவி நமக்குக் கட்டாயம் தேவைப்படும், பெரும்பாலோர் மனமுவந்து உதவவும் செய்வார்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் ஒருவரைவிட, உங்களைத் தேர்ந்தெடுத்து வந்தவரிடமே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சாதாரண உடையில் வந்து, தம்மைக் காவலர் என்று சொல்லி, கள்ளநோட்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பணப்பையைக் கேட்பவரிடம் எதையும் கொடுக்காமல், காவல் நிலையத்துக்கு வந்து காட்டுகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். உண்மையாகவே உங்களைக் காவலில் வைத்தால், தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கோரும் உரிமை 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆயுதத்தோடு ஒருவர் எதிரே நின்றால் மட்டும் வாதமே வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

திருடரைப் பற்றியே நினைத்துக்கொண்டு நடப்பவர்கள் சாலையை மறந்துவிடுகிறார்கள். வாகனங்கள் எதிர்ப்பக்கம் ஓடும் நாட்டில், பல்லாண்டுப் பழக்கம் நம் தலையைத் தவறான பக்கமே திருப்பும். வின்ஸ்டன் சர்ச்சில் 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவைக் கடக்கையில் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்து, காரில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரு பக்கமும் பார்த்துவிட்டு, சமிக்ஞை உள்ள இடத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள்.

விடுதியில் நுழைந்ததும் அவசரப் படிக்கட்டு எங்கே என்று ஒருமுறை நடந்து பாருங்கள். இரவில் வரவேற்பு மேசையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அட்டை எண்ணைக் கேட்டால், தொலைபேசியை வைத்துவிட்டு நேரில் இறங்கிப் போய்க் கேளுங்கள்.

இனி, ஏதாவது நடந்துவிட்டால். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. நீங்கள் போகும் நாட்டின் எண்ணை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பொருள் திருடு போயிருந்தால், துரத்திக்கொண்டு ஓடாமல் முதலில் வெளிச்சமும் ஆட்களும் உள்ள ஓரிடத்துக்குள் செல்லுங்கள். அடுத்து அட்டைகளை முடக்குங்கள், பிறகு வேறொரு கருவியிலிருந்து, கைபேசி இணைந்திருக்கும் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்குக்குள் சென்று கைபேசியைத் தொலைந்ததாகக் குறியுங்கள், சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் எழுத்துவடிவ நகலைக் கேட்டு வாங்குவது அவசியம். காப்பீட்டு நிறுவனம் பொதுவாக அதைக் கேட்கும், பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் தூதரகமும் கேட்கும். சில நாட்கள் கழித்து, "உங்கள் கைபேசி கிடைத்துவிட்டது, இங்கே கடவுச்சொல்லைப் பதிவிடுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால், அதை அனுப்பியிருப்பது பெரும்பாலும் அதைத் திருடியவர்தான். அந்த இணைப்பைத் திறக்காதீர்கள், உங்கள் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கவும் செய்யாதீர்கள். நீக்கினால் பூட்டு விலகி, அதைப் புதிய கைபேசியாக விற்பது அவர்களுக்கு எளிதாகிவிடும்.