வீட்டிலேயே மாற்றியமைத்த டீசல் பிக்கப்: ஆர்.டி.ஓ. நோட்டீசுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வங்கிக் கடனில் வாங்கிய, பி.எஸ்.6 புகைத் தரத்து டீசல் டபுள் கேப் (இரு வரிசை இருக்கை) பிக்கப் ஒன்று, வெள்ளை நம்பர் பலகையுடன் சொந்த உபயோக வாகனமாக என் பெயரில் பதிவாகியிருக்கிறது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் எங்கள் குடும்ப நிலம் உள்ளது. மழைக்காலத்தில் அந்த மண் பாதையில் சாதாரண வண்டி ஏறாது. ஆகவே, மெக்கானிக்காக இருக்கும் என் மைத்துனரின் துணையுடன் வீட்டு போர்ட்டிகோவிலேயே வைத்து சஸ்பென்ஷனை மூன்று அங்குலம் உயர்த்தினேன். பெரிய மட் டயர்கள், வின்ச்சுடன் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச்சுருள்) கூடிய இரும்பு பம்பர், கூரையில் எல்.இ.டி. பார் லைட், ஸ்னார்க்கல் (இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) ஆகியவற்றைப் பொருத்தினோம். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே சாமான் பெட்டி அமைத்தோம். அடிக்கடி அடைத்துக்கொண்டிருந்த டி.பி.எஃப்.-ஐ (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிட்டு, இ.ஜி.ஆர்.-ஐ (புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) மூடி, இ.சி.யு.-வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தோம், அதாவது அதன் மென்பொருளை மாற்றினோம். போன மாதம் ஓசூர் சாலையில் சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு லாரி பின்னால் வந்து மோதியது. யாருக்கும் காயமில்லை. ஆனால், விசாரிக்க வந்த போக்குவரத்துப் போலீசார் என் வண்டியின் மாற்றங்களைப் பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிவிட்டார்கள். பதிவை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று 15 நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனமும் ‘அனுமதியற்ற மாற்றம்’ என்று கூறி கிளெய்மை மறுத்துவிட்டது. போதாததற்கு, இரவில் கிரைண்டர் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரரும் புகார் கொடுத்திருக்கிறார். என் நிலத்தில் ஓட்டுவதற்காகத்தானே மாற்றினேன், இது குற்றமா? வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: ‘என் நிலத்தில் ஓட்டுவதற்காகத்தான் மாற்றினேன்’ என்ற வாதத்தை ஆர்.டி.ஓ.வுக்கு எழுதும் பதிலில் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அது உங்களுக்கு உதவாது என்பதோடு, மாற்றங்களைத் தெரிந்தே செய்தீர்கள் என்ற ஒப்புதலாகவும் ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 39-ஆம் பிரிவு, பதிவு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமல்ல, ‘வேறு எந்த இடத்திலும்’ ஓட்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி தனி வகையாக அமைக்கப்பட்ட வண்டிகளுக்கு 2(28)-ஆம் பிரிவில் விலக்கு உண்டுதான். லிங்கராஜபுரத்திலிருந்து ஓசூர் சாலை வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு ஓடுகிற வண்டிக்கு அந்த விலக்கை எந்த அதிகாரியும் தர மாட்டார். லாரி மோதிய இடமே உங்கள் வாதத்தை உடைத்துவிடுகிறது.

மாற்றங்களைப் பற்றிய அடிப்படை விதி 52-ஆம் பிரிவில் இருக்கிறது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் ஆர்.டி.ஓ. எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான பார்வையைத் தள்ளிவிட்டு, விதிகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்றும், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களை மாற்ற இயலாது என்றும் தெளிவுபடுத்தியது. அதே பிரிவின் விளக்கம், வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றமே ‘மாற்றம்’ என்றும் கூறுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதில் சொன்னால் தோற்பீர்கள். ஆர்.சி. புத்தகத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பின் இருக்கையில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பலரும் அற்பமாக நினைக்கிறார்கள். உங்கள் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை ஐந்து என்று இருக்கும். வண்டியில் இப்போது இரண்டுதான். இது அச்சிட்ட எண்ணுக்கு நேர் எதிரான முரண், வாதாட ஒன்றுமில்லை. இருக்கையைத் திரும்பப் பொருத்திவிடுங்கள், நான்கு போல்ட் வேலை. இரும்பு பம்பரும் அப்படித்தான். கிராஷ் கார்டு, புல் பார் போன்றவற்றைப் பொருத்துவது 52-ஆம் பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பாதசாரி மீது மோதும்போது அவருக்கு ஏற்படும் காயம் கூடுகிறது, ஏர்பேக் சென்சார்களின் வேலையும் கெடுகிறது என்பவை அதன் பின்னணிக் காரணங்கள். கூரை பார் லைட்டைப் பொறுத்தவரை, பதிவு அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆம் விதி தடை செய்கிறது. ‘எரியவில்லை, சும்மா இருக்கிறது’ என்ற சமாதானம் சாலையில் செல்லாது.

டயரில் கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்கள் மாடலின் வேறு ஏதாவது வேரியன்டுக்கு உற்பத்தியாளரே அனுமதித்திருக்கும் அளவில் உங்கள் டயர் இருந்தால், அந்தக் கையேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்துத் துணிந்து வாதாடலாம். அதைத் தாண்டிய அளவென்றால் பழைய சக்கரங்களையே மாட்டிவிடுங்கள். பெரிய டயரால் ஸ்பீடோமீட்டர் குறைவான வேகத்தைக் காட்டும் என்பதை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்ததும் கேட்பார். ஸ்னார்க்கலுக்கு ஃபெண்டரில் துளை போட்டிருக்கிறீர்களா, உற்பத்தியாளரின் அதிகாரபூர்வத் துணைப்பொருளா என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். பில் இருந்தால் எடுத்து வையுங்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பதே என் கருத்து. அது வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது, பிரேக் ஹோஸின் நீளம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் எல்லாவற்றையும் தொடுகிறது. மாடல் விற்பனைக்கு வருமுன் நடக்கும் வகைச் சோதனையில் தேறிய வண்டி அதுவல்ல என்று ஆய்வாளர் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது இவை எதுவுமில்லை; டி.பி.எஃப்., இ.ஜி.ஆர்., ரீமேப் ஆகிய மூன்றும்தான். மற்றவை 52-ஆம் பிரிவோடு நிற்கும். இவை மூன்றும் புகைத் தரத்தை மீறுவதால், 190(2)-ஆம் பிரிவுக்குள்ளும் உங்களை இழுத்துச் செல்லும். அதற்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் வரும். பி.யு.சி. (புகைப் பரிசோதனை) சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். அந்தச் சோதனை வால்பைப்பின் புகை அடர்த்தியைத்தான் அளக்கிறது, ஃபில்டர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உங்கள் வண்டி பி.எஸ்.6 என்று ஆர்.சி. சொல்லும்போது, வண்டியின் அடியில் டி.பி.எஃப். இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் வெல்டிங் செய்யப்பட்டிருப்பதை ஆய்வாளர் குனிந்து பார்த்தாலே போதும். கழற்றிய ஃபில்டர் இன்னும் வீட்டில் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் அசல் மென்பொருளையும் ஏற்றிக்கொண்டு, ஜாப் கார்டை வாங்கி வையுங்கள். அடைத்துக்கொண்டதன் காரணம் பெரும்பாலும் நகரத்துக் குறுகிய ஓட்டம்தான். ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும்.

இனி நோட்டீஸ். அது 53-ஆம் பிரிவின்கீழ் வந்த நிர்வாக நடவடிக்கை. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4)-இன்கீழ் வரக்கூடிய குற்ற வழக்கு வேறு. அனுமதியற்ற முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பம்பரும் வின்ச்சும் ஒரே மாற்றமா, இரண்டா என்ற கேள்விக்குக்கூட ஆக 5,000 ரூபாய் விலை இருக்கிறது. எனவே 53-ஆம் பிரிவு நோட்டீசுக்கான பதிலில், எதை எப்போது யார் பொருத்தினார்கள் என்று பட்டியல் போட்டுத் தராதீர்கள். அந்தத் தாள் நாளை வேறொரு கோப்பில் உங்களுக்கு எதிரான சாட்சியாகப் போய்ச் சேரலாம். பொய்யும் எழுதக் கூடாது. வாகனம் உற்பத்தியாளரின் அசல் அமைப்புக்கு மீட்கப்பட்டுவிட்டது அல்லது இன்ன தேதிக்குள் மீட்கப்படும், நேரில் ஆய்வு செய்துகொள்ளலாம், இன்னின்ன பொருள்கள் 52-ஆம் பிரிவின் விளக்கத்துக்குள் வரும் மாற்றங்கள் அல்ல, உத்தரவுக்கு முன் நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கெடுவுக்குள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கன்னடத்திலும் ஒரு நகல் இருந்தால் கவுன்டரில் வேலை சுலபமாக நடக்கும்.

அதிகாரி காரணங்களை எழுத்தில் பதிவு செய்துதான் பதிவை நிறுத்திவைக்க முடியும். இந்த வகை நிறுத்தம், குறைகள் அவருக்குத் திருப்தி தரும்படி சரிசெய்யப்படும் வரை நீடிக்கும். அதற்குள் வண்டியை எடுத்தால், செல்லுபடியான பதிவில்லாமல் ஓட்டியதற்கான 192-ஆம் பிரிவு தனியாக வரும். நிறுத்தம் இடைவிடாமல் ஆறு மாதம் தொடர்ந்தால் 54-ஆம் பிரிவின்கீழ் பதிவையே ரத்து செய்யலாம் என்பதால், வழக்கு போட்டுப் பார்க்கலாம் என்று வண்டியை அப்படியே மூடிவைப்பது ஆபத்து. உத்தரவு பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வேண்டும். வங்கிக் கடன் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அனுமதியின்றி மாற்றம் செய்தால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கலாம் என்ற வரி அதில் இருக்கக்கூடும்.

இன்சூரன்ஸில் உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. மாற்றங்களைப் பற்றி நிறுவனத்திடம் தெரிவிக்காதது உங்கள் பக்கத்துக் குறை. அறிவித்துப் பிரீமியம் கட்டாத வின்ச்சுக்கும் லைட்டுக்கும் பணம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிக்னலில் நின்றிருந்த வண்டியின் பின்னால் லாரி மோதியதற்கும் முன்னால் இருந்த இரும்பு பம்பருக்கும் என்ன சம்பந்தம்? வண்டி உயர்ந்ததால் பின்விளக்கின் உயரம் மாறிவிட்டது என்று அவர்கள் சொல்லலாம். லாரி ஓட்டுநரின் இருக்கை அதைவிட உயரத்தில் இருக்கிறது, விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன என்பதே அதற்குப் பதில். அமலேந்து சாஹூ எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் (2010), பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தும் கிளெய்மை முழுதாக மறுப்பது தவறு என்று கண்ட உச்ச நீதிமன்றம், இத்தகைய மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை வழங்கலாம் என்ற வழிகாட்டுதலைச் சுட்டிக்காட்டி, ஒரு தொகையை வழங்க உத்தரவிட்டது. சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் பெங்களூருவில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை (என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்). நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த வழி மூடிவிடும் என்பதால், எது முதலில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: மாற்றங்களைக் கழற்றும் முன் வண்டியின் பின்பகுதி, சேசிஸ் முனை, டெயில் கேட், பின்விளக்கு எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். ஆர்.டி.ஓ.வுக்காக நீங்கள் செய்யும் சீரமைப்பு, கிளெய்முக்கான சான்றை அழித்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் சிறியது. ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை; கிரைண்டர் அதை எளிதில் தாண்டும். கழற்றும் வேலையைப் பகலில், மைத்துனரின் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். உங்கள் நிலத்துக்குப் போகும் மண் பாதை காப்புக்காட்டையோ காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தையோ தொட்டால், வண்டி எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மோதிய லாரியின் உரிமையாளர், ஓட்டுநர், அதன் இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகியோருக்கு எதிராக வண்டிச் சேதத்துக்கு நேரடியாக இழப்பீடு கோர உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் நிறுவனம் தரும் தொகையை அங்கேயும் இரண்டாம் முறை கேட்க முடியாது என்பது மட்டுமே நிபந்தனை. பெங்களூருவில் சிறு வழக்குகள் நீதிமன்றமே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3)-ஆம் பிரிவு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறது, அதில் ஒரு மாதம் ஏற்கெனவே கடந்துவிட்டது. போலீஸ் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களுக்கு இந்த வாரமே மனுப் போடுங்கள்.