தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் மின்னும் மஞ்சள் நட்சத்திரம் ஒன்றல்ல, மூன்று என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். டர்பனில் ஜூன் மாதம் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று தெற்கே பாருங்கள். சிலுவையைச் சுட்டிக்காட்டுகிற இரண்டு நட்சத்திரங்களில் சிலுவையைவிட்டுத் தள்ளி, லேசான மஞ்சளாக இருப்பதுதான் ஆல்ஃபா செண்டாரி. சிலுவைக்குக் கிட்டே இருக்கும் நீலவெள்ளை நட்சத்திரம் வேறு ஆள்.

சின்னத் தொலைநோக்கி இருந்தால் அது இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம்: நம் சூரியனைப் போல ஒன்று, சற்றே சிறிய ஆரஞ்சு ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டு. இந்த இரட்டையை 1689இல் ரிஷோ பாதிரியார் கண்டது எங்கிருந்து தெரியுமா? நம்ம புதுச்சேரியிலிருந்து!

மூன்றாவது, பிராக்சிமா. வெறுங்கண்ணுக்குச் சிக்காது. 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் வானியலாளர் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். சூரியனை விட்டால் நமக்கு மிகக் கிட்டே இருக்கும் நட்சத்திரம் இதுதான், 4.24 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு).