'பிசினஸ் அக்யுமென்' கேட்கிறார்களா? ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி (கொக்குவில்): ரீச்சர், வேலை விளம்பரம் ஒன்றில் 'பிசினஸ் அக்யுமென்' வேண்டுமாம். கணக்கியலில் ஏ இருந்தால் போதாதா?

பதில்: போதாது பிள்ளை. புள்ளி படிப்பைக் காட்டும். அக்யுமென் என்பது ஒரு துறையில் நிலைமையைச் சட்டென்று கணித்துச் சரியான முடிவெடுக்கும் கூர்மை. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் தோட்டக்காரரைப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிண்டப்போகிறார்கள், விலை விழும் என்று முன்கூட்டியே கணித்துப் பாதியை இன்றே விற்று, மீதியை விதைக்கென்று கட்டித் தூக்குகிறாரே, அதுதான். அவர் ஏ.எல். எடுத்தாரோ இல்லையோ!

கேள்வி (சாவகச்சேரி): அப்படியென்றால் நாங்கள் சொல்லும் 'சுழியன்' இவர்தானே?

பதில்: இல்லைத் தம்பி. சுழியனிடம் கொஞ்சம் கள்ளமும் இருக்கும். ஆங்கிலத்தில் அவன் 'கன்னிங்'. இன்று விவேகமானவரைச் சொல்லும் 'ஷ்ரூட்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் கெட்டவனைத்தான் குறித்தது, பிறகு மரியாதை பெற்றுவிட்டது. அக்யுமென் பெரும்பாலும் பாராட்டாகவே வரும். லத்தீனில் கூர்முனை என்று பொருள். கூர்மையான என்று பொருள்படும் 'அக்யூட்', ஊசி குத்தும் 'அக்யுபங்சர்' எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்.

கேள்வி (நல்லூர்): அக்யுமென் என்பதில் எந்த இடத்தை அழுத்திச் சொல்வது?

பதில்: பிரித்தானியர் பெரும்பாலும் முதல் அசையை அழுத்துவார்கள். அமெரிக்கரிடம் 'அக்யூமென்' என்று இரண்டாவதை அழுத்துவதும் உண்டு. இரண்டும் சரி.

கேள்வி (மானிப்பாய்): சீவியில் 'ஐ ஹாவ் அன் அக்யுமென்' என்று எழுதியிருக்கிறேன் ரீச்சர்.

பதில்: அந்த 'அன்'னை உடனே வெட்டுங்கள். இது எண்ண முடியாத பெயர்ச்சொல். பன்மையும் வழக்கில் இல்லை. முன்னால் துறையைச் சேர்த்தால்தான் எடுப்பாக இருக்கும்: பிசினஸ் அக்யுமென், பொலிற்றிக்கல் அக்யுமென், லீகல் அக்யுமென். ஆனாலும் என்னைக் கேட்டால், தன் கூர்மையைத் தானே எழுதுவது அழகில்லை. கடையில் நின்றபோது தேங்கிக் கிடந்த சாமானை எப்படி விற்றீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தச் சொல்லை உங்களுக்காகச் சான்றுக் கடிதம் எழுதுபவர் போடட்டும்.

கேள்வி (கோப்பாய்): என் மனேஜரை 'அக்யுமினேட்' என்று புகழலாமா?

பதில்: வேண்டாம் அப்பன்! அது தாவரவியலில் அரசிலை போல நுனி நீண்டு கூரான இலைக்குச் சொல்வது. மனேஜருக்கு, கூர்மதியுள்ளவர் என்று பொருள்படும் 'அஸ்ட்யூட்' போடுங்கள்.