சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக்கை வீட்டிலேயே தூக்கி நிறுத்த முடியுமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, என் யமஹா எஃப்இசட்டில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. மழையில் வயக்காட்டு ரோட்டில் ஓட்டி செயின் முழுக்கச் சேறு. அதைச் சுத்தம் பண்ணணும், பின் சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கணும். அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு முன் பிரேக் ஷூ மாற்றணும். ஸ்டாண்ட் எதுவும் வாங்காமல் வழி இருக்கா?"

இருக்கிறது. ஆனால் மூன்று வேலைக்கும் ஒரே வழி கிடையாது. எஃப்இசட் சுமார் 135 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. இரண்டு ஆள் இருந்தால் ஒரு முனையைத் தூக்கிவிடலாம். தூக்கிய வண்டி, ஸ்பேனரில் நீங்கள் பலம் கொடுக்கும்போது சாயாமல் நிற்க வேண்டுமே, பாடு அதில்தான் இருக்கிறது. அதனால் சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், இரண்டு டயரும் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டை, அதாவது சக்கரத்தின் அச்சை இறுக்கும் நட்டை, கொஞ்சம் இளக்கி வைத்துவிடுங்கள். வீட்டில் வண்டி சரிவது பெரும்பாலும் இறுகிப்போன அந்த நட்டோடு மல்லுக்கட்டும்போதுதான். இடமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்து மண் ஊறிப்போய்க் கிடக்கும், சைடு ஸ்டாண்ட் அப்படியே புதையும். சிமெண்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள்.

செயின் வேலைக்கு ஒரு கட்டை போதும். நன்கு காய்ந்த பனங்கட்டையோ கனமான சட்டமோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது, வலது பக்க ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை) பின்முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதைவிட இரண்டு விரல் கூடுதலாக அறுங்கள். தலைப்பில் லேசாகப் பள்ளம் வெட்டி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் வழுக்காது. முன் பிரேக் லிவரை இழுத்துப் பிடித்து, டியூப் துண்டாலேயே கைப்பிடியோடு இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் ஒருவர் வண்டியை இடது பக்கமாக, சைடு ஸ்டாண்டின் மேல் மெதுவாகச் சாய்க்க வேண்டும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் இன்னொருவர் கட்டையைச் செங்குத்தாகக் கொடுத்துவிட வேண்டும். முன் சக்கரம், சைடு ஸ்டாண்ட், கட்டை என்று மூன்று காலில் வண்டி நிற்கும். நியூட்ரலில் போட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேயுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைக்கவே கூடாது. துணியைப் பல்சக்கரம் பிடித்தால் விரலும் சேர்ந்தே போகும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டையை நம்பிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். அதற்கு வண்டி நேராக நிற்க வேண்டும். உங்கள் வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) ஊஞ்சல் வளையம் இருந்தால் நல்லதாகப் போயிற்று. ஆட்கள் உட்கார்ந்து ஆடிய வளையம், வண்டியின் பின்பாதி எடையைத் தாங்கும். சீட்டைக் கழற்றி, அடியில் உள்ள பிரேம் குழாயின் இரண்டு பக்கமும் லாரியில் சரக்கு கட்டும் பெல்ட்டைக் கோத்து வளையத்தில் கட்டுங்கள். பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பியில் கட்ட வேண்டாம், அது வெறும் போல்ட்டில் நிற்பது. பெல்ட் வண்டி சரியாமல் பிடித்துக்கொள்ளத்தான். தூக்குவதற்குக் கார் ஜாக்கி. ஸ்விங் ஆர்ம் பிரேமோடு சேரும் இடத்துக்குக் கீழே, தடித்த பகுதியில் பலகை வைத்து ஏற்றுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட், சைலன்சர் இரண்டிலும் ஜாக்கி படக்கூடாது. கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கு அடியிலும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது மேலே மடங்கிவிடும். டயர் தரையை விட்டதும் இரண்டு பக்கமும் மரக்கட்டை அடுக்கி, எடையை அதன்மேல் இறக்குங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டாம். ஓரிடத்தில் பாரம் குவிந்தால் சொல்லாமல் உடையும்.

வளையம் இல்லாதவர்கள் மரக்கிளையைத் தேடுவார்கள். பச்சை வேம்பில் தொடை கனக் கிளை என்றால் சரி. முருங்கைப் பக்கமே போக வேண்டாம். தகர செட்டின் குழாயும் இதற்கு ஆகாது.

ஸ்ப்ளெண்டர் வேலை எளிது, அதில்தான் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதே. ஆனால் வண்டி முன்னால் ஒரு சாண் நகர்ந்தாலும் அந்த ஸ்டாண்ட் மடங்கிவிடும். ஸ்டாண்டின் காலை முன்பக்க பிரேம் குழாயோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். கியரில் போட்டு, பின் கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டுங்கள். எஞ்சினின் முன்பக்கத்தில் பலகை கொடுத்து, பின் டயர் தரையைத் தொடும்வரை ஜாக்கியால் ஏற்றி, கட்டை அடுக்குங்கள். சென்டர் ஸ்டாண்ட், பின் டயர், கட்டை மூன்றும் ஊன்றி நின்றால் முன் சக்கரத்தைத் தைரியமாகக் கழற்றலாம்.

பின் சக்கரத்தை அடிக்கடி கழற்றுவீர்கள் என்றால், என் யோசனை வேறு. ஸ்விங் ஆர்மின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். இரும்புக் குழாயில் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று, அதாவது பின் சக்கரத்தைத் தூக்கி வண்டியை நேராக நிறுத்தும் சட்டம், அடித்துத் தருவார்கள். அமுக்கும் கைப்பிடியை நீளமாக வைக்கச் சொன்னால் ஒற்றை ஆளாகவே தூக்கலாம்.

மாட்டி முடித்ததும் வண்டியை இறக்கிவிட்டு, டயர் தரையில் இருக்கும்போது ஆக்சில் நட்டைக் கடைசியாக முறுக்குங்கள். லிவரில் கட்டிய டியூபை அவிழ்த்து, இரண்டு பிரேக்கையும் நாலைந்து தடவை அமுக்கி, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.